பேசினை மட்டும் மாத்தினா போதுமா?

சவுத்தாம்ப்டனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஓனர், ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். அவரிடம் 1970களில் கட்டின சின்ன ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. ஹாம்பிள் ஆற்றில் கட்டிக் கிடக்கும். போன மாசம் ஒரு நாள், "படகு பாத்ரூம்ல வாஷ் பேசின் விரிசல் விட்டுடுச்சு, மாத்தணும். ஒத்தாசைக்கு வர்றியா?" என்று கேட்டார். மதியச் சாப்பாடு அவர் செலவு என்றதும் உடனே தலையாட்டிவிட்டேன். (மாணவன்னா அப்படித்தான்!)

புது பேசின் ரெடி. பழசைக் கழட்டி, புதுசை வைத்து, ஓரத்தில் சீலண்ட் பூசினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பேசினுக்குக் கீழே இருந்த குட்டிக் கதவைத் திறந்ததும்தான் சிக்கல் ஆரம்பம்.

வீட்டு பேசின் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். படகில் அது நேராக வெளியே போகிறது. அதற்காகப் படகின் உடம்பிலேயே ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். இந்தப் படகில் அது நீர்மட்டத்துக்குக் கீழே. பாய் விரித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்தால், கடல் தண்ணீர் அதே பைப் வழியாக ஏறி பேசினுக்குள் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஓட்டைக்கு மேலே ஒரு வால்வு. 'சீகாக்' என்பார்கள்.

பெரியவர் படகில் இருந்தது பித்தளை கேட் வால்வு. நம்ம ஊர் மொட்டைமாடி டேங்க் பைப்பில் இருக்குமே, அதே மாதிரி. சக்கரத்தைத் திருகினேன்.. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் கேட் இறங்கவே இல்லை. அதாவது, மூட முடியாது!

பெரியவர் அசரவில்லை. "ஹோஸைப் பிடுங்கி ஒரு மர ஆப்பு அடிச்சுட்டு பேசினை மாட்டிடலாம். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்றார்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். இத்தனை வருஷம் தாங்கியது என்பது, இனியும் தாங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயப்படுவதற்கான காரணமே அதுதான் என்பது என் கட்சி. சாதாரணப் பித்தளை என்பது சுமார் 60 சதவீதம் செம்பு, 40 சதவீதம் துத்தநாகம். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து போகும். மிச்சம் இருப்பது பொத்தல் பொத்தலான செம்பு. பார்க்க முழுசாக இருக்கும், தட்டினால் உடையும். சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

இன்னொரு கூத்து. இந்தப் பொருத்திகளுக்கு 1994-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 9093-1 தரம், 'துரு எதிர்ப்பு' என்றால் ஐந்து வருஷம் பழுதில்லாமல் இருந்தால் போதும் என்று வரையறுத்தது. படகின் ஆயுளோ ஐம்பது வருஷம்!

உடைந்தால் என்ன ஆகும்? ப்ளஸ் டூவில் படித்த டாரிசெல்லியைக் கூப்பிடுவோம். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை. உராய்வு எல்லாம் கழித்தாலும் நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை டன். நாம் மதியம் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் படகு அடியில் கிடக்கும்.

"படகைக் கரைக்குத் தூக்க கிரேனுக்கு யார் காசு தர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செலவில் பெரும்பகுதி அதுதான். ஆனால் படகையே இழப்பதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி என்பார்கள் நம்ம ஊரில். இங்கே ஓட்டைக் கப்பலுக்குப் பளபளக்கும் பேசின்!

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கிரேனுக்குச் சொல்லிவிட்டார். கரையில் மெக்கானிக் ஸ்பேனரை வைத்து ஒரு திருப்புத்தான் திருப்பினார், பொருத்தி கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் முழுக்க இளஞ்சிவப்பு. பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. போன கோடையில் பேரப்பிள்ளைகளை அதே படகில்தான் கூட்டிப் போயிருந்தார்.

பித்தளையே கூடாது என்று சொல்ல வரவில்லை. துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை இருக்கிறது, வெண்கலம் இருக்கிறது, கண்ணாடி இழை கலந்த நைலானும் இருக்கிறது. பெரியவர் வெண்கலம் போட்டார். ஹோஸுக்கு இரண்டு கிளிப், பக்கத்திலேயே கயிற்றில் கட்டின மர ஆப்பு. புது பேசினை மாட்ட அதற்கப்புறம் அரை மணி நேரம்தான் ஆனது.

அதனால் பேசினை மாற்றப் போகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு அந்தக் குட்டிக் கதவைத் திறந்து பாருங்கள். வால்வு மூடினால் பேசின் வாங்குங்கள். மூடாவிட்டால் முதலில் கிரேனுக்குச் சொல்லுங்கள். விரிசல் விட்ட பேசினில் இன்னும் ஒரு மாசம் கை கழுவலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.