'தானா வளர்ந்துடும்' என்பவர்களுக்கு

பிள்ளை உயரம் போதவில்லை என்று ஒரு தாய் கவலைப்பட்டால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒன்றே: "வளர்ற பிள்ளைதானே, தானா வளர்ந்துடும்." இதை நம்பிக் காத்திருந்து, எலும்பு முனைகள் மூடிய பிறகு ஹார்மோன் மருத்துவரிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் எந்த ஊசியாலும் உயரம் கூடாது.

சில பிள்ளைகள் தாமதமாக வளர்வது உண்மைதான். ஆனால் நம் பிள்ளை அந்த வகையா என்பதைப் பார்வையால் சொல்லிவிட முடியாது. மருத்துவர் பார்ப்பது வளரும் வேகத்தை. நான்கு வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும், 4 செ.மீ.க்குக் கீழே போனால் காரணம் தேடியாக வேண்டும். அதனால்தான் செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் பின்தலையும் சுவரைத் தொட நிறுத்தி அளக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதேபோல் அளக்கிறார்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். பத்து வயதுப் பையனின் எலும்புக்கு எட்டு வயது என்றால் இன்னும் வளர இடமுண்டு. தைராய்டு குறைந்தாலும் எலும்பு இப்படிப் பின்தங்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

"அப்பா அம்மாவே குள்ளம்தானே" என்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. தந்தை 165 செ.மீ., தாய் 152 செ.மீ. என்றால், இரண்டையும் கூட்டி, மகளுக்காக 13 கழித்து, பாதியாக்கினால் 152 வரும். மகள் இதற்கு வெகு கீழே போய்க்கொண்டிருந்தால் பரம்பரையைக் காரணம் காட்ட முடியாது. சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் டர்னர் குறைபாட்டில், குள்ளம் மட்டுமே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கலாம். இதயத்தையும் கருப்பையையொட்டிய சினைப்பையையும் அது பாதிக்கும்.

சத்து பானமும் டானிக்கும் சுரக்காத ஹார்மோனைச் சுரக்க வைக்காது.

"பச்சிளம் பிள்ளைக்கு ஹார்மோன் மாத்திரையா, பழகிப்போகுமே" என்ற பயம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை பிறவியிலேயே தைராய்டு குறைவோடு பிறக்கிறது. பிறந்தபோது பெரும்பாலும் எதுவும் தெரியாது. குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் துளி தாய்ப்பாலில் கலந்து கொடுக்க ஆரம்பித்தால் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மூளைக்கு நேர்ந்த இழப்பைப் பிறகு மீட்க முடியாது. உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் இந்த மாத்திரை ஈடுசெய்கிறது. அதில் பழக்கம் என்று பயப்பட என்ன இருக்கிறது?

வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஒரு காலத்தில் அதை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதன்வழி சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியது. 1985இல் அந்த முறை கைவிடப்பட்டு, மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரான மருந்து வந்தது. குள்ளமான எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லை, பலருக்கு வேண்டாம் என்றே மருத்துவர் சொல்வார். அப்படிச் சொல்வதற்கும் அவருக்கு அந்த உயர அளவுகள் கையில் இருக்க வேண்டும்.