இருப்பதை ஏன் எழுத வேண்டும்?

"பில்டர், மெப் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கே டீச்சர், நாங்க ஏன் கையால எழுதணும்?" என்று என் மாணவியர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

1995இல் இம்மொழி பிறந்தபோது அவை அதில் இருக்கவில்லை. 2009 டிசம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான் தரநியமத்தில் சேர்ந்தன. அதுவரை பலர் தாமே எழுதிக்கொண்டார்கள்.

பில்டர் என்பது அரிசி பொறுக்குவது போலத்தான். வெற்று அணி ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய அணியின் பெறுமதிகளை ஒவ்வொன்றாய் எடுத்து, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். ஆறேழு வரிகள் போதும். பழைய அணி மாறாது.

சோர்ட் அப்படியல்ல, பழைய அணியையே மாற்றிவிடும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சகோதரி 900, 4500, 12000 என்ற விலைகளை ஏறுவரிசையில் கேட்டால், 12000, 4500, 900 என்றே வரும்! ஒப்பிடும் விதியை நாம் கொடுக்காவிட்டால், எண்களையும் அது எழுத்துகளாகவே ஒப்பிடும். 1 முந்திவிடும், 9 பிந்திவிடும். மலிவுச் சேலை தேடி வந்தவர் முதல் விலையைக் கண்டதும் போய்விடுவார். வரிசைப்படுத்தலை ஒருமுறை தானே எழுதியவளுக்கு, எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி முதலிலேயே வந்திருக்கும்.

வேலையில் உள்ளமைந்தவற்றையே பாவியுங்கள். இந்த மாதம் வீட்டில் ரெடியூஸை எழுதிப் பாருங்கள். தொடக்கப் பெறுமதி இல்லாமல் வெற்று அணியைக் கொடுத்தால் என்ன நடக்கிறதென்றும் கவனியுங்கள்.