இருமல் மருந்துக்கு முன்னால் பாத்ரூம் சுவரைப் பாருங்கள்!

எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி பக்கத்திலிருந்து இரைப்புக்கும் தீராத தும்மலுக்கும் மருந்து கேட்டு வருகிறவர்களிடம், நாடி பார்த்த கையோடு ஒரு கேள்வி கேட்பேன். "படுக்குற ரூமை ஒட்டி பாத்ரூம் இருக்கா? அந்தச் சுவர்ல ஓதம் ஏறுதா?" வைத்தியர் கொத்தனார் வேலைக்குப் போய்விட்டாரோ என்று சிலர் சிரிப்பார்கள்!

ஈரச் சுவரில் பூசணம் பிடிக்கும். அதன் நுண்துகள்கள் மூச்சோடு உள்ளே போகும். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, மூச்சுத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. ஆடாதோடையும் திப்பிலியும் கபத்தை இளக்கும், சரி. ராத்திரி முழுக்க அந்தச் சுவரோரமே படுத்திருந்தால் மருந்து பாவம், என்ன செய்யும்? (மூச்சு முட்டினால், உதடு நீலம் பாரித்தால் கஷாயத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

முன்பெல்லாம் நமக்குக் குளியல் கொல்லைப்புறத்தில், தொட்டி பக்கத்தில். தண்ணீர் வாழைக்குப் போய்விடும். இப்போது படுக்கையறைக்கு உள்ளேயே கண்ணாடித் தடுப்பு, ஷவர், தலை உயரத்துக்கு டைல்ஸ். டைல்ஸ் ஒட்டியாச்சு, இனி தண்ணீர் இறங்காது என்று நினைக்கிறோம். டைல்ஸ் இறக்காதுதான், இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற இடுக்கு இறக்கும். தடுப்புப் பூச்சு டைல்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும்.

அதிலும் நம்முடையது கரிசல் பூமி. ஐப்பசி மழையில் உப்பும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவு வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாக இல்லையென்றால் வீடே கூட அசையும். வெறும் சிமென்ட் பூச்சு அந்த அசைவுக்குத் தாங்காமல் மயிரிழை விரிசல் விடும்.

"அந்தக் காலத்துல கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுப் பூசலையா வைத்தியரே?" என்பார்கள். பூசினார்கள், சுண்ணாம்பில். இன்றைய சிமென்ட்டில் கருப்பட்டி விழுந்தால், அதிலுள்ள சர்க்கரை சிமென்ட்டை இறுகவே விடாது. கடுக்காயை நீங்கள் சாப்பிடுங்கள், சுவருக்கு வேண்டாம்!

சுவருக்கு வேண்டியது, பவுடரும் திரவமும் கலந்து பூசுகிற, இழுத்தால் கொஞ்சம் நீளக்கூடிய பாலிமர் பூச்சு. தரை முழுக்க இரண்டு கை. ஷவர் அடிக்கிற சுவரில் ஏழடி உயரம் வரை, மற்ற சுவர்களில் ஓரடியாவது. சுவரும் தரையும் சேருகிற மூலையிலும் குழாய் நுழைகிற இடத்திலும் வலைத்துணி வைத்துப் பூசச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்கட்டும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் ஷவருக்குப் படி வைக்காமல் இருப்பது நல்லது, ஆனால் அங்கே வாட்டம் தப்பினால் தண்ணீர் கட்டிலுக்கே வந்துவிடும்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். பென்சிலால் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், நான் கேரண்டி" என்று கொத்தனார் சொன்னாலும் விடாதீர்கள். அந்த ஒரு நாள் கூலியைப் பார்த்தால், பிறகு டைல்ஸை உடைக்கிற செலவு பல மடங்கு.

ஏற்கெனவே ஓதம் ஏறிய வீடா? மேலே பெயின்ட் அடித்து மூடினால் ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும். இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி நிரப்பிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் உடைத்துத்தான் பூச வேண்டும். அதுவரை பிள்ளைகளின் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் போடுங்கள்.