நீலத்திரை வந்ததும் ஃபார்மட் வேண்டாம்!

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, பிறகு நீலத்திரை. மறுபடியும் லோகோ. கையில் ரெக்கவரி டிஸ்க்கும் இல்லை. 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்பார்கள் கடையில். கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் திறக்கவில்லை என்பதாலேயே உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களும் மகளின் காலேஜ் ப்ராஜெக்ட்டும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. ஃபார்மட் செய்தால்தான் போகும்!

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் படுத்துக்கொண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து, கோளாறான அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் எழுந்துகொண்டவை ஏராளம்.

அந்த சேஃப் மோடுக்குப் போக டிஸ்க் வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 என்றால், லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால், அடுத்த முறை பழுது பார்க்கும் திரை தானாக வரும். அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போய், முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்கள். பலிக்காவிட்டால், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதற்கும் மசியவில்லையா? ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோட் திறந்ததும், வேறு எதையும் தொடாமல் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவில் காப்பி எடுங்கள். நடுவில் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கை செல்போனில் திறந்தால், பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை மட்டுமா தின்கிறது? ராம் கார்டின் முனையிலும் பாசி பிடித்த மாதிரி படியும். டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, பொன்னிற முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு 'க்ளிக்' என்று பொருத்துங்கள். செங்கல்பட்டு பக்கம் உள்ளே வந்துவிட்டால் உப்பு குறைவு, தூசி அதிகம். வைத்தியம் அதேதான்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். 'ஃபைல்கள் முக்கியம்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.