மொய் எழுதாம பந்திக்கு ஓடாதீங்க!

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். எங்க தெருத் தம்பி ஒருத்தன், இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான்.

“அண்ணே, மூவாயிரம் ரூபா போச்சுண்ணே!”

“என்னடா, அரியர் ஃபீஸா?”

“இல்லண்ணே... பேக்லிங்க்!”

விஷயம் இதுதான். தம்பி சொந்தமா ஒரு வெப்சைட் வச்சிருக்கான். இன்ஜினீயரிங் மேத்ஸ் பழைய கேள்வித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் ஸ்டெப் ஸ்டெப்பா போட்டு, ‘இந்த இடத்துலதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க’ன்னு சிவப்புல குறிச்சு வச்சிருக்கான். நிஜமாவே உருப்படியான சரக்கு. எம்-2 பேப்பர்ல ரெண்டு தடவை மண்ணைக் கவ்வி எழுந்தவன் எழுதின நோட்ஸாச்சே, சும்மாவா? ஆனா, ஒரு நாளைக்கு வந்து எட்டிப் பார்த்தவங்க மொத்தம் ஒன்பது பேர். அதுல நாலு தடவை வந்தது அவனோட சொந்த மொபைல்!

எவனோ ஒருத்தன், ‘ஐந்நூறு தளத்துல உன் லிங்க்கைப் போட்டுத் தர்றேன், கூகுள்ல முதல் பக்கம் கேரன்ட்டி’ன்னு சொல்லி மூவாயிரத்தைக் கறந்துட்டான். அது போதாதுன்னு நம்மாளும் ஒரே ராத்திரியில பன்னிரண்டு குழுக்கள்ல சேர்ந்து, ‘வாங்க, பாருங்க, ஷேர் பண்ணுங்க’ன்னு லிங்க்கை ஒட்டியிருக்கான். விடிஞ்சு பார்த்தா, பாதி இடத்துல பதிவைத் தூக்கிட்டாங்க. மீதி இடத்துல ஆளையே தூக்கிட்டாங்க.

“என்னண்ணே தப்பு பண்ணேன்? நல்ல விஷயத்தைத்தானே சொன்னேன்?”ன்னு கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இந்த வார மேட்டர்.

நானும் அந்தக் கேஸுதான்

சிரிக்காதீங்க. 2006-ல நானும் இதையேதான் செஞ்சேன். பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, ஒரு புரோகிராமிங் ஃபோரத்துல சேர்ந்தேன். எந்தக் கேள்வியைப் பார்த்தாலும் ‘அருமை’, ‘பயனுள்ள தகவல்’னு ஒரு வரி. கீழே கையெழுத்து மாதிரி என் வெப்சைட் லிங்க். மூணே நாள்ல மாடரேட்டர் கதவைச் சாத்திட்டார்.

அப்போ கோபம்தான் வந்துச்சு. வலி வந்தது ஆறு மாசம் கழிச்சு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுல ஒரு பிஹெச்பி கோட் மாட்டிக்கிச்சு. அதுக்கு விடை தெரிஞ்ச ஆளுங்க கூடியிருந்தது அந்த ஃபோரத்துலதான். உள்ளே எட்டிப் பார்க்க முடியுது, வாயைத் திறந்து கேட்க முடியல. நாலு ஹிட்ஸுக்கு ஆசைப்பட்டு, நாற்பது வாத்தியார்களைத் தொலைச்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

லிங்க்னா ஓட்டு!

இந்த லிங்க்குக்கு ஏன் இவ்வளவு அடிதடி? 1998-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவர்களா இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ‘பேஜ்ரேங்க்’ங்கிற முறையை முன்வச்சாங்க. மேட்டர் சிம்பிள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா, அது ஒரு ஓட்டு. ஆனா எல்லா ஓட்டும் சமம் இல்ல. நிறைய பேர் மதிக்கிற பக்கம் போடுற ஓட்டுக்கு வெயிட் அதிகம். அதே பக்கம் நூறு பேருக்கு லிங்க் கொடுத்தா, அந்த வெயிட் நூறு பங்கா பிரியும். ஹெச்.ஓ.டி. ஒரே ஒரு பையனுக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்தா கம்பெனிக்காரன் நிமிர்ந்து உட்காருவான். கிளாஸுல இருக்கிற அறுபது பேருக்கும் கொடுத்தா? அவ்வளவுதான்!

ஓட்டுன்னு வந்துட்டா கள்ள ஓட்டு வராம இருக்குமா? பின்னூட்டப் பெட்டி, விருந்தினர் புத்தகம், ஃபோரம்னு திறந்து கிடந்த இடத்துல எல்லாம் லிங்க்கைக் கொட்டினாங்க. 2005 ஜனவரியில கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூணும் கைகோத்து ‘நோஃபாலோ’ன்னு ஒரு அடையாளத்தைக் கொண்டுவந்தாங்க. அது ஒட்டியிருக்கிற லிங்க்கை மனுஷங்க கிளிக் பண்ணலாம், ஆனா தேடுபொறி அதை ஓட்டுன்னு எண்ணாது. 2007 ஜனவரியில ஆங்கில விக்கிப்பீடியா தன்னோட வெளி லிங்க்குகள் எல்லாத்துக்கும் இதை மாட்டிடுச்சு. 2019-ல கூகுள் இதைக் கட்டளையா எடுத்துக்காம ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கிறதா மாத்திக்கிச்சு. கூடவே, பயனர்கள் எழுதுற இடங்கள்ல வர்ற லிங்க்குக்குன்னே தனி அடையாளமும் கொடுத்துச்சு.

காசு கொடுத்து வாங்கின ஓட்டு என்ன ஆகும்? 2011 பிப்ரவரியில அமெரிக்காவோட பெரிய கடைகள்ல ஒண்ணான ஜே.சி.பென்னி மாட்டிக்கிச்சு. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல அவங்க லிங்க் ஒட்டியிருந்ததை ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதுச்சு. அதுக்கு ஏற்பாடு செஞ்சது தாங்க இல்லைன்னு கம்பெனி சொன்னாலும், தண்டனை தப்பல. சாம்சோனைட் பெட்டி சம்பந்தமான ஒரு தேடல்ல முதலிடத்துல இருந்த கடை, ரெண்டே மணி நேரத்துல 71-வது இடத்துக்கு உருண்டுச்சு. அடுத்த வருஷம், 2012 ஏப்ரல்ல, கூகுள் ‘பெங்குவின்’னு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து இந்த வேலையை இயந்திரத்துக்கிட்டயே ஒப்படைச்சிடுச்சு. அவ்வளவு பெரிய கடைக்கே அந்த கதின்னா, மூவாயிரம் ரூபா பேக்லிங்க் எம்மாத்திரம்?

மீ த ஃபர்ஸ்ட்டு!

நம்ம ஊர்லயும் இதுக்குக் கதை இருக்கு. 2004-ல ‘தமிழ்மணம்’ திரட்டி வந்தப்போ, எங்கெங்கேயோ எழுதிக்கிட்டு இருந்த தமிழ் வலைப்பதிவர்கள் ஒரே முற்றத்துல கூடினாங்க. புதுசா மறுமொழி வந்த பதிவு திரும்பவும் முகப்புல தலைகாட்டும். விடுவாங்களா நம்மாளுங்க? தன் பதிவுல தானே மறுமொழி போட்டு மேலே ஏத்துவாங்க. அதுக்கு அவங்களே ‘பின்னூட்டக் கயமை’ன்னு பேரும் வச்சு சிரிச்சுக்கிட்டாங்க. படிக்காமலேயே ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ன்னு போட்டுட்டு ஓடுறவங்க, ‘நான் உனக்குப் போட்டேன், நீ எனக்குப் போடு’ன்னு மொய்க் கணக்கு வைக்கிறவங்கன்னு ஒரே ரகளை.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் கூட்டத்துல இன்னிக்கும் பேர் சொன்னா ஞாபகம் வர்றவங்க யாரு? அடுத்தவர் பதிவைப் படிச்சு, ‘இந்தத் தகவல் தப்பு, சரியானது இது’ன்னு பொறுமையா எழுதினவங்க. தமிழ்ல எப்படி டைப் பண்றதுன்னு கேட்ட புது ஆளுக்கு எழுத்துரு பிரச்னையைத் தீர்த்து வச்சவங்க. அவங்க பேரை கிளிக் பண்ணி அவங்க வீட்டுக்கு நாமளா போனோம். அவங்க கூப்பிடவே இல்ல!

கல்யாண வீட்டுக்குப் போறோம். வாசல்ல சந்தனம் எடுத்து, நாலு பேரை விசாரிச்சு, மொய் எழுதிட்டுப் பந்தியில உட்கார்ந்தா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் இலை இலையா நம்ம கடை நோட்டீஸை வச்சுக்கிட்டே போனா? இணையக் குழுவும் அப்படித்தான்.

சரி, எப்படித்தான் செய்யறது?

*ஒரு இடம் போதும்:* பன்னிரண்டு குழு வேணாம். உங்க சப்ஜெக்ட் ஆளுங்க நிஜமா கூடுற ஒண்ணோ ரெண்டோ போதும். முதல்ல அங்கே விதிமுறை என்னன்னு படிங்க. ரெண்டு வாரம் சும்மா வேடிக்கை பாருங்க. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருதா? குறிச்சு வைங்க. அதுதான் உங்க வெப்சைட்டுல அடுத்து எழுத வேண்டிய பக்கம்.

*விடையை அங்கேயே கொடுங்க:* ‘பதில் என் தளத்தில்’னு எழுதறது, பசின்னு வந்தவன்கிட்ட ஓட்டல் விலாசம் கொடுக்கிற மாதிரி. கேட்டவனுக்கு வேண்டியது முழுசா அங்கேயே கிடைக்கணும். மேற்கொண்டு பத்து கணக்கு பார்க்கணும்னா இதோ லிங்க்னு கடைசியில ஒரு வரி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல வெறும் லிங்க் மட்டும் இருக்கிற விடையைத் தூக்கிடுவாங்க. நாளைக்கு லிங்க் செத்துப் போனா விடையும் செத்துப் போகும்ல?

*‘இது என்னோடது’ன்னு சொல்லுங்க:* யாரோ மூணாம் மனுஷன் மாதிரி, ‘இப்பதான் ஒரு சூப்பர் தளம் பார்த்தேன்’னு நடிக்காதீங்க. கண்டுபிடிச்சிடுவாங்க பாஸ். வெளிப்படையா சொன்னா மன்னிப்பாங்க, நடிச்சா மன்னிக்க மாட்டாங்க. ரெடிட்ல ரொம்ப நாளா ஒரு வழக்கம் சொல்வாங்க: பத்துல ஒண்ணுதான் உன்னைப் பத்தி, மீதி ஒன்பது ஊருக்காக. எங்கே போனாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

*பேரைக் கெடுத்துக்காதீங்க:* விக்கிமீடியா திட்டங்கள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு ஸ்பேம் தடைப்பட்டியல் இருக்கு. அதுல உங்க தளத்தோட பேர் ஏறிட்டா, பிற்பாடு யாராவது நல்ல மனசோட உங்க பக்கத்தை ஆதாரமா கொடுக்க நினைச்சாலும் சேமிக்கவே விடாது. ஒரு ராத்திரி அவசரம், பல வருஷத்துக்கு ஆப்பு.

*சொந்த வீட்டை விட்டுடாதீங்க:* ஆர்க்குட்ல கம்யூனிட்டி கம்யூனிட்டியா குடியிருந்தோம். 2014 செப்டம்பர்ல மூடிட்டாங்க. யாஹூ ஆன்சர்ஸ்ல விடை விடையா எழுதினாங்க. 2021 மே மாசம் அதுவும் போச்சு. குழு என்பது ஊர்ச் சாவடி மாதிரி. பேசலாம், பழகலாம், படுத்துத் தூங்கலாம். பத்திரத்தை அங்கே வைக்கக் கூடாது. நல்லா அமைஞ்ச விடைக்கு ஒரு பிரதி உங்க தளத்துல இருக்கட்டும்.

‘நோஃபாலோ’ன்னா வேஸ்ட்டா?

தம்பி கேட்ட அடுத்த கேள்வி இது. “குழுக்கள்ல போடுற லிங்க் பெரும்பாலும் ஓட்டா எண்ணப்படாதுன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குண்ணே மாங்கு மாங்குன்னு எழுதணும்?”

அங்கேதான் சூட்சுமமே இருக்கு. தேடுபொறிதான் அந்த லிங்க்கை எண்ணாது, மனுஷன் கிளிக் பண்ணுவான். வந்தவங்கள்ல ஒருத்தர் லெக்சரரா இருப்பார், ஒருத்தி சொந்தமா பக்கம் வச்சிருப்பா, ஒருத்தன் ஜூனியர்களுக்கு நோட்ஸ் தொகுக்கிறவனா இருப்பான். பிடிச்சுப்போய் அவங்க இடத்துல, அவங்களா ஒரு லிங்க் கொடுப்பாங்க பாருங்க... அதுதான் நல்ல ஓட்டு! நாம கேட்டு வாங்கினதும் இல்ல, காசு கொடுத்து வாங்கினதும் இல்ல. குழுவுல நாம போடுற லிங்க், நம்ம வீட்டுக்கு வழி காட்டுற போர்டு. அவங்க கொடுக்கிற லிங்க், வீடு நல்லா இருக்குன்னு தர்ற சான்றிதழ்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024-லிருந்து கூகுள், பல தேடல்களுக்கு மேலேயே ஏ.ஐ. எழுதின சுருக்கத்தைக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. நிறைய பேர் அதைப் படிச்சிட்டு, கீழே இறங்காமலேயே போயிடறாங்க. தேடுபொறியை மட்டும் நம்பி கடை போட்டவங்க பாடு திண்டாட்டம். ‘அந்தப் பையன் சொன்னா சரியா இருக்கும்’னு பேர் தெரிஞ்சு தேடி வர்றவங்களை எந்த மாற்றமும் தடுக்க முடியாது.

தம்பி என்ன ஆனான்?

ஐந்நூறு லிங்க்கையும் மறந்துட்டு, ஒரே ஒரு மேத்ஸ் குழுவுல சேர்ந்தான். முதல் மாசம் ஒரு லிங்க் கூடப் போடல. ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கி, லாப்ளாஸ் டிரான்ஸ்ஃபார்ம்ல முட்டி மோதுறவங்களுக்கு விடை எழுதினான். ரெண்டாவது மாசம் ஒருத்தன், “பிரதர், இதெல்லாம் எங்கேயாவது தொகுத்து வச்சிருக்கீங்களா?”ன்னு கேட்டான். அப்பதான் லிங்க்கைக் கொடுத்தான், ‘என்னோடதுதான்’னு சொல்லிட்டு.

அடுத்த வாரமே வேற காலேஜ் பொண்ணு ஒருத்தி, “உங்க மூணாவது யூனிட்ல, ஏழாவது கணக்குல மைனஸ் தப்பு”ன்னு எழுதினா. இவனுக்கு முதல்ல சுர்ருன்னு ஏறியிருக்கு. போட்டுப் பார்த்தா, நிஜமாவே தப்பு! திருத்தி, நன்றின்னு அவ பேரையும் போட்டான். அந்தப் பொண்ணு தன் கிளாஸ் நோட்ஸ் பக்கத்துல இவன் தளத்துக்கு லிங்க் கொடுத்திருக்கா.

இப்போ ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர் வர்றாங்க. “கம்மிதாண்ணே”ன்னு இழுத்தான்.

“டேய், அந்தத் தப்புக் கணக்கை அப்படியே மனப்பாடம் பண்ணி எத்தனை பேர் பரீட்சை எழுதியிருப்பாங்க? அந்த ஐந்நூறு தளத்துல ஒருத்தனாவது அதைச் சொன்னானா?”

தம்பி யோசிச்சான். “டீ நான் வாங்கித் தர்றேண்ணே”ன்னான்.

நீங்களும் இந்த வாரம் ஒண்ணு செய்ங்க. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச சப்ஜெக்ட்ல, யாரோ ஒருத்தரோட கேள்விக்கு முழுசா ஒரு விடை எழுதுங்க. லிங்க் வேணாம், விளம்பரம் வேணாம். மொய் எழுதின கணக்கு எங்கேயும் போயிடாது.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!