அழைப்பு எட்டாத இடத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் துவங்கியது. அன்று முதல் எத்தனையோ ஏழை எளிய மக்களின் உயிரை அது காப்பாற்றி வந்திருக்கிறது. வண்டியை ஓட்டும் டிரைவர்களும், உள்ளே இருந்து சிகிச்சை தரும் மருத்துவ உதவியாளர்களும் பாராட்டுக்குரியவர்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. வண்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் சர்க்கார், அந்த வண்டிக்குச் செய்தி போய்ச் சேரும் வழி எப்படி இருக்கிறது என்று சொல்லுவதில்லையே, ஏன்?

குளத்தூர் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். விளாத்திகுளம் தாலுகாவில், கடலை நோக்கிச் சரியும் கரிசல் சீமை இது. மிளகாயும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரிக் காடுகள்; சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் கூலி மக்கள்; வைப்பாறு, வேம்பார் கரையோரத்தில் உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும். இவர்களை விரியன் கடிப்பது ஊர் மந்தையில் வைத்தா? காட்டு வேலையில்தான் கடிக்கிறது. வெயிலில் சுருண்டு விழுவதும் உப்பளப் பாத்தியில்தான்.

அங்கிருந்து ஒருவர் 108ஐ அழைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்த அழைப்பு சென்னைக்குப் போகிறது. சென்னையிலிருந்து பக்கத்து வண்டிக்குத் தகவல் வருகிறது. டிரைவர் வழி கேட்டு மறுபடியும் பேச வேண்டும். வண்டி ஓடும்போதே மருத்துவ உதவியாளர் டாக்டரிடம் யோசனை கேட்க வேண்டும். விஷமுறிவு மருந்தோடு ஆஸ்பத்திரி தயாராக இருக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அத்தனையும் வீண். சங்கிலி முழுவதும் தொங்குவது செல்போன் டவர் ஒன்றிலே!

"டவர்தான் ஊருக்கு ஊர் நிற்கிறதே" என்பார்கள். நிற்கிறது, எங்கே நிற்கிறது? சந்தா கட்டுவோர் கூடியிருக்கும் இடத்தில் நிற்கிறது. டவர் வைக்கும் கம்பெனி வருமானத்தை எண்ணி இடம் பார்க்கிறது. சர்க்காரும் கிராமத்தைத்தான் எண்ணுகிறது. 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை, 24,680 கிராமங்களுக்கு 4ஜி தொடர்பு தர ரூ.26,316 கோடி ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் கிராமத்துக்குத் தொடர்பு வந்துவிட்டது என்றால் காட்டுக்கும் வந்துவிட்டது என்று பொருளல்ல. தெருவில் பேசக் கிடைக்கும் சிக்னல், இரண்டு மைல் தள்ளிக் கரிமூட்டத்தடியில் கிடைக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மழைக்காலத்தை எண்ணிப் பார்த்தால் விஷயம் இன்னும் விபரீதம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இந்த ஜில்லா மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியில் 50 சென்டிமீட்டருக்கு மேல். மின்சாரம் போயிற்று, கூடவே செல்போனும் போயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் அதிகமாகத் தேவையோ, அந்த நேரத்தில்தான் அதை அழைக்கும் வழி அடைபடுகிறது. இதற்குப் பெயர் திட்டமா?

இயற்கையின் மீது பழி போட இங்கே வழியில்லை. கரிசல் பூமி சமதரை. மறைக்கும் மலைத் தொடர் கிடையாது. 50 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து பார்வை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம் தடையின்றிச் செல்லும். படமும் சினிமாவும் அனுப்பும் செல்போன் அலை சில கிலோமீட்டரில் தளர்ந்துவிடலாம். பேச்சை மட்டும் சுமக்கும் வி.எச்.எப். வயர்லெஸ், வண்டியில் பொருத்திய கருவியோடு அந்த எல்லை வரை பேசும். போலீஸ் இலாகா இதை எத்தனையோ ஆண்டுகளாகக் கையாள்கிறது. கலகத்தை அடக்க ஒரு வயர்லெஸ் உண்டு. பிரசவ வலியில் துடிக்கும் தாய்க்கு மட்டும் கிடையாதா?

"பணம்?" என்று கேட்பார்கள். கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கென்றே தேசிய நிதி ஒன்று 2002லிருந்து இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குச் செலுத்துகின்றன. அந்த வருமானம் யார் கொடுத்தது? ரீசார்ஜ் செய்யும் கூலிக்காரர் கொடுத்தது! தன் பணத்தில் தன் உயிருக்கு ஒரு கம்பம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

எனவே நாம் கோருவது இவைதான்:

1. கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி, விளாத்திகுளம், குளத்தூர் ஆகிய இடங்களில் மருத்துவத்துக்கென்றே வயர்லெஸ் நிலையங்கள் அமைக்க வேண்டும். ஒன்று விழுந்தால் அடுத்தது தாங்கும்படி, அவற்றின் எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும்.

2. வெள்ளம் ஏறாத மேட்டில், சூரிய மின்சாரமும் சில நாள் தாங்கும் பாட்டரியும் வேண்டும்.

3. ஆம்புலன்ஸ் போகாத பாதை இல்லை. அதிலேயே சிக்னல் அளக்கும் கருவியைப் பொருத்தி, எங்கே தொடர்பு அறுகிறது என்ற வரைபடத்தைப் பஞ்சாயத்துதோறும் ஒட்ட வேண்டும். கிராம நர்சுகளையும் டிரைவர்களையும் கேட்ட பிறகே இடம் குறிக்க வேண்டும்.

4. நிலையத்தில் இரவு பகலாக ஆள் வேண்டும். 8 மணி நேர ஷிப்டில், நிரந்தர வேலையில். தூக்கம் கெட்டவன் காதில் கூப்பாடு விழாது.

இது ஒரு கட்சியின் பிரச்னையல்ல. காட்டுக்குப் போகிறவர், கடலுக்குப் போகிறவர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர் ஒவ்வொருவரின் பிரச்னை. அடுத்த கிராம சபையிலே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கையெழுத்து வாங்கிக் கலெக்டரிடம் கொடுங்கள். அடுத்த ஐப்பசி மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. அதற்கு முன்னே கம்பம் நிற்க வேண்டும்!