நள்ளிரவில் முனகிய பம்பு

இத்திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மாதுங்காவில் வாழும் அம்மையார் ஒருவர் எழுதியது அது. அவர்தம் மகனார் இங்கிலாந்தில் பணிபுரிகிறார். மகன் குடும்பத்தைக் காணச் சென்றிருந்த அம்மையாரை ஏப்பிரல் மாதத்தில் அவர்கள் ஏரி மாவட்டம் எனப்படும் மலைநாட்டிற்கு அழைத்துச் சென்றனர். தங்கியது விடுதியில் அன்று. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் காரவன் என்னும் வீட்டு வண்டியில். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளியலறை யாவும் அதனுள்ளேயே உண்டு.

இரண்டாம் நாள் இரவு, யாவரும் உறங்கியபின், இருக்கைக்கு அடியிலிருந்து கடகடவென்று ஓர் ஒலி எழுந்ததாம். நீர்ப் பம்பு தானே ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஓடியபின் அவ்வொலி வறண்ட முனகலாக மாறிற்று. மகன் எழுந்து ஸ்விட்சை அணைத்தார். விடிந்து பார்த்தால் வெளியே வைத்திருந்த நீர்ப்பீப்பாய் காலி. குழந்தைக்குப் பால் கரைக்கவும் நீரில்லை. “அம்மா, குழாயை மூட மறந்துவிட்டாயா?” என்று மகன் கேட்டாராம்.

“மும்பையில் நீர் வரும் வேளையை அறிவதற்காகக் குழாயைத் திறந்து வைப்பது என் வழக்கம். அஃது அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றிரவு நான் மூடிவிட்டுத்தான் படுத்தேன். இதனை எவ்வாறு மெய்ப்பிப்பேன்?” என்று வினவுகிறார் அம்மையார். மேலும் சில செய்திகளையும் குறித்துள்ளார். அன்றிரவு கடுங்குளிர். குழந்தையின் அருகே எரிவாயுக் கணப்பு எரியலாகாது என்று அதனை அணைக்கச் சொன்னவர் அவரே. காலையில் கழிவுநீர்ப் பெட்டியில் முந்தின நாள் நீர் மட்டுமே இருந்தது. வண்டிக்கு அடியிலோ தரை நனைந்து கிடந்தது. மகன் பீப்பாயை நிரப்பச் சென்று வரிசையில் காத்திருக்கையில், மருமகள் குழந்தையை அமர்த்திக்கொண்டிருக்க, அண்டை வண்டியிலிருந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். கணப்பை ஏற்றச் சொன்னார். சற்றுப் பொறுத்து, படுக்கைக்கு அடியில் எதையோ அழுத்திவிட்டுச் சென்றார். அவர் பேசிய ஆங்கிலம் அம்மையாருக்கு விளங்கவில்லை. இவற்றையெல்லாம் நினைவில் வைத்து எழுதியமைக்காக அவரைப் பாராட்டுகிறோம். வழக்கின் தீர்ப்பு அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் அவ்வண்டியில் நீர் எவ்வாறு வருகிறது என்று காண்போம். நம் வீடுகளில் மோட்டார் நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. பிறகு நீர் தன் எடையினாலேயே குழாய்களில் இறங்குகிறது. வீட்டு வண்டியின் கூரையில் அவ்வாறு நீரைச் சுமக்க இயலாது. 40 லிட்டர் நீரின் எடை 40 கிலோ. அப்பளுவை உச்சியில் வைத்து இழுத்தால் வளைவுகளில் வண்டி ஆடும். ஆகவே தங்குமிடம் சேர்ந்தபின், ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்றை நிரப்பி, வண்டிக்கு வெளியே தரையில் வைக்கின்றனர். அப்பீப்பாயைச் சுமப்பதில்லை, சாலை உருளைபோல் தரையில் உருட்டியே கொணர்கின்றனர். இடுப்பில் குடம் சுமந்த நம் பாட்டிமார்க்கு இதனை யாரும் சொல்லாமற் போனார்களே என்று எமக்கு ஏக்கம்!

தரையிலுள்ள அந்நீரைக் குழாய்வரை உயர்த்துவது பம்பு. 12 வோல்ட் பாட்டரியால் இயங்கும் சிறு பொறி அது. அதில் இருவகை உண்டு. ஒன்று பீப்பாய்க்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது. அதனுள் இதழ்களுடைய சிறு சக்கரம் சுழன்று நீரை வெளிநோக்கி வீசுகிறது. தயிர் கடையும்போது மத்தைச் சுற்றி மோர் விளிம்புக்கு ஏறுவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. இவ்வகைக்குக் காற்றை இழுக்கும் ஆற்றல் இல்லை. உள்ளே குமிழி புகுந்துவிட்டால் சக்கரம் வீணே சுழலும், நீர் வராது. நீருக்குள் வைத்தபடியே நன்றாக அசைத்தால் குமிழி வெளியேறிவிடும்.

மற்றொரு வகை வண்டிக்குள் இருப்பது. அதில் ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வு பின்வாங்கும்போது அறையில் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று பீப்பாய் நீரை அழுத்த, நீர் மேலேறி அறைக்குள் புகுகிறது. சவ்வு முன்வரும்போது உள்வால்வு மூடிக்கொள்ள, வெளிவால்வு திறந்து நீரைக் குழாய்க்கு அனுப்புகிறது. பம்பு நீரை உறிஞ்சுகிறது என்பது நம் பேச்சுவழக்கு. உண்மையில் தள்ளுவது காற்றுதான். அக்காற்றாலும் ஏறத்தாழ 10 மீட்டருக்குமேல் நீரை ஏற்ற முடியாது. ஆழ்கிணற்றில் மோட்டாரைக் கீழே இறக்கி வைப்பது இதனாலேயே. சவ்வுப் பம்பு ஓடும்போது கடகடவென்னும். வறண்டு சிறிது நேரம் ஓடினாலும் எளிதில் கெடாது. மூழ்கு பம்போ நீரினாலேயே குளிர்ந்து இயங்குவது; வறண்டு ஓடினால் விரைவில் பழுதாகும். அம்மையார் கேட்ட ஒலி இருக்கைக்கு அடியிலிருந்து எழுந்தது. எனவே அவ்வண்டியிலிருந்தது சவ்வுப் பம்பே.

இனி, குழாயைத் திறந்ததும் பம்பு ஓடத் தொடங்குவது எங்ஙனம்? சில வண்டிகளில் ஒவ்வொரு குழாயினுள்ளும் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. பிடியைத் திருப்பினால் மின்சாரம் பாயும். அவ்வகையில் குழாயைத் தொடாமல் பம்பு ஓடாது. வேறு சில வண்டிகளில் இருப்பது அழுத்த ஸ்விட்ச். குழாய்கள் மூடியிருக்கும்போது உள்ளே நீர் அழுத்தத்துடன் அடைபட்டு நிற்கும். எங்கேனும் வழி கிடைத்து அழுத்தம் தணிந்தால் பம்பு ஓடும். அழுத்தம் மீண்டும் நிறைந்ததும் நிற்கும். வழி விட்டது குழாயா, விரிசலா, வால்வா என்று அந்த ஸ்விட்சுக்குத் தெரியாது. யாவரும் உறங்குகையில் பம்பு ஓடியதால், அவ்வண்டியிலிருந்தது இவ்வகை ஸ்விட்ச் என்று கொள்ளலாம்.

அம்மையார் குழாயைத் திறந்து வைத்திருந்தால் பீப்பாய் நீர் முழுவதும் தொட்டி வழியாகக் கழிவுநீர்ப் பெட்டிக்குச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. உட்குழாய் கசிந்திருந்தால் வண்டியின் தரை நனைந்திருக்கும். முதியவர் ஒருமுறை அழுத்தியதால் அது தீர்ந்துமிராது. பாட்டரி தளர்ந்தாலும் பம்பு ஓயாமல் ஓடுவதுண்டு. நிற்பதற்குரிய அழுத்தத்தை அதனால் எட்ட முடியாது. ஆனால் அப்போது ஒலி கேட்குமேயன்றி நீர் குறையாது.

எஞ்சியது ஒன்றே. அவ்வண்டிகளில் 10 லிட்டர் அளவு கொள்ளும் வெந்நீர்க் கலம் ஒன்று இருக்கும். நீர் உறைந்தால் நூற்றுக்கு 9 பங்கு அளவு பருமன் பெருகும், கலம் பிளந்துவிடும். அதனைத் தடுக்க, கலத்தின் அருகே குளிருணரும் வால்வு ஒன்றைப் பல வண்டிகளில் அமைத்துள்ளனர். அவ்விடத்தின் வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்தால், மின்சாரமும் மனிதர் உதவியும் இன்றி அது தானே திறந்து, கலத்து நீரை வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். அன்றிரவு கணப்பு அணைந்திருந்தது, குளிர் ஏறிற்று, வால்வு திறந்தது. அழுத்தம் தணியவே, யாரோ குழாயைத் திறந்தார் என்று கருதிய பம்பு கடமை தவறாமல் 40 லிட்டரையும் அவ்வழியே இறைத்துத் தீர்த்தது. பொறிகளுள் எதுவும் பழுதில்லை. ஒன்று கலத்தைக் காத்தது. மற்றொன்று இட்ட பணியைச் செய்தது. ஒன்றன் செயலை மற்றொன்று அறியவில்லை, அவ்வளவே.

அந்த வால்வு தானே திறக்குமேயன்றித் தானே மூடாது. அவ்விடம் சுமார் 7 டிகிரிக்குமேல் சூடேறியபின் கையால் அழுத்தினால்தான் மூடி நிற்கும். முதியவர் முதலில் கணப்பை ஏற்றச் சொன்னது இதற்காகவே. மகனார் பீப்பாயுடன் திரும்புமுன் அவர் தம் பணியை முடித்துச் சென்றுவிட்டார். பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்ததால் பழி அம்மையார் மேலேயே நின்றுவிட்டது.

கணப்பை அணைக்கச் சொன்னவர் அம்மையார்தாமே என்று மகனார் வாதிடக்கூடும். உண்மையே. ஆனால் வண்டியின் உரிமையாளர் அவரல்லர். படுக்கச் செல்லுமுன் பம்பின் ஸ்விட்சை அணைத்திருந்தால் கலத்து நீர் மட்டும் போயிருக்கும். பீப்பாய் நிறைந்தே இருந்திருக்கும். அந்த ஸ்விட்ச் இருக்குமிடம் மகனாருக்குத் தெரியும்; அம்மையாருக்குத் தெரியாது.

வீட்டு வண்டியைக் கண்டிராத அன்பர்களுக்கும் இச்செய்தி பயன்படும். அடுக்குமாடி வீடுகளின் மேல்தளங்களில், குளியலறையில் நீர் வேகமாக வருவதற்காக இப்போது பலர் அழுத்தப் பம்பு பொருத்துகின்றனர். அதிலும் பெரும்பாலும் இத்தகைய ஸ்விட்சே உண்டு. எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, இரவில் அது அடிக்கடி ஒரு நொடி ஓடி ஓடி நிற்குமாயின், மெக்கானிக்கை அழைக்குமுன் கழிப்பறையின் பிளஷ் தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் நீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

மாதுங்கா அம்மையார் இப்பக்கத்தைக் கத்தரித்து மகனாருக்கு அனுப்பி வைப்பாராக. அவர் விடுக்கும் மறுமொழியை எமக்கும் தெரிவிக்க வேண்டுகிறோம்.